பகலில் பார்த்த கேமரா இரவில் குருடானது ஏன்?



காட்டை ஒட்டிய தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புலி என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "பெரியவரு வந்துட்டுப் போயிருக்காரு" என்பார்கள். என் அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னார். 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம்.

பகாங் மாநிலத்தில் ரப்பரும் செம்பனையும் கலந்த தோட்டம் அது. பெயர் வேண்டாம், நம்மவர்கள் கொஞ்சம் பேர் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். இரண்டு ஆடு போய்விட்டது. மூன்றாவதாக ஒரு கன்றுக்குட்டி, பாதி தின்ற நிலையில் 12-ஆம் நம்பர் காட்டு ஓரத்தில் கிடந்தது. ஆண்கள் எல்லாரும் பெரியவர்தான் என்றார்கள். என் அக்கா மட்டும் வேறு கதை சொன்னார். விடியற்காலை 5 மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும்போது, நிரைக்குக் குறுக்கே கறுப்பாக ஒன்று தாண்டிப் போனதாம். "நாய் இல்லடா தம்பி. வாலு இவ்ளோ நீளம். நடை வேற மாதிரி."

ஆபீசில் போய்ச் சொன்னார்கள். அங்கிருந்தவர் சிரித்துவிட்டு, "காட்டு நாயா இருக்கும். நான் மேலிடத்துக்கு எழுதணும்னா ஆதாரம் வேணும்லா. படம் இருக்கா?" என்று கேட்டாராம். அது வரைக்கும் பெரட்டு அதே நேரம், வேலைக்காடும் அதே காடு.

படம் தானே வேண்டும் என்று எட்டு குடும்பம் காசு போட்டு, ஒரு தானியங்கிக் கேமரா வாங்கினார்கள். மரத்தில் கட்டி வைத்துவிட்டால், முன்னால் சூடுள்ள உடம்பு எது அசைந்தாலும் தானாகப் படம் பிடிக்கிற பெட்டி. புலிக் கணக்கு எடுப்பதும் இதை வைத்துத்தான். 2016 முதல் 2020 வரை நடந்த நம் நாட்டின் முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில் காடு முழுக்க இதைத்தான் கட்டினார்கள். மிஞ்சியிருப்பது 150-க்கும் குறைவு என்று தெரிந்தது.

கேமராவுக்கு டபுள் ஏ பேட்டரி எட்டு வேண்டும். கேமராவிலேயே காசு கரைந்துவிட்டதால், பாசார் மாலாமில் கட்டுக்கட்டாகக் குவித்து விற்கிற மலிவு பேட்டரியைப் போட்டார்கள். எல்லாக் கதையும் அங்கேதான் ஆரம்பம்.

பதினொரு நாள் கழித்துக் கேமராவை இறக்கிப் பார்த்தால் அறுநூற்றுச் சொச்சம் படம். குரங்கு, கோழி, அக்கா வீட்டு நாய், ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம், மச்சானின் முதுகு. பகல் படம் எல்லாம் கண்ணாடி மாதிரி. இரவுப் படமோ முதல் மூன்று நாள் மங்கல், பிறகு கறுப்பு. கடைசிப் படம் அதிகாலை 3.40 என்று காட்டியது. அதிலும் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு கேமரா செத்துப்போயிருந்தது. அந்த விடியலில்தான் மூன்றாவது ஆடு, கேமரா கட்டியிருந்த மரத்திலிருந்து முப்பதடி தூரத்தில் போயிருந்தது.

அந்தப் படத்தை ஆபீசுக்குக் கொண்டுபோய் என்ன சொல்வது?

மச்சான் எனக்குப் போன் போட்டார். நான் தோட்டத்தை விட்டு வந்து, பட்டணத்தில் எலக்ட்ரிக் கடையில் இருபது ஆண்டு வேலை செய்தவன்.

"கேமரா கோளாறு மச்சான். திருப்பி அனுப்பிடலாம்னு பாக்குறோம்."

"பேட்டரி என்னா போட்டீங்க?"

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கழட்டி டார்ச்லைட்ல போட்டுப் பாத்துட்டேன். பளிச்சுனு எரியுது!"

டார்ச்லைட்டில் எரிகிற பேட்டரி கேமராவில் ஏன் செத்துப்போகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டால், பேட்டரி வாங்குவதில் பாதி விஷயம் முடிந்தது.

லயத்துக் குழாய்க் கணக்கு

பழைய லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மத்தியானம் ஒரு வீட்டில் மட்டும் குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாகவே வரும். வேலை விட்டு வந்து பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் திறந்தால் சொட்டுச் சொட்டாக வடியும். தொட்டியில் தண்ணீர் இல்லையா? இருக்கிறது. குழாய் ஒல்லி, வேகமாகக் கொடுக்க அதற்குச் சக்தியில்லை.

பேட்டரியும் அப்படித்தான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியும் என்பது வேறு. மரத்தில் கட்டிய கேமரா சும்மா காத்திருக்கும்போது ஒரு மில்லி ஆம்பியர்கூட இழுக்காது. பகலில் படம் பிடிக்கும்போது கொஞ்சம் இழுக்கும். இரவில்தான் ஆபத்து. இருட்டில் பார்க்க, கேமராவில் வரிசையாகப் பதித்திருக்கும் சின்னச் சின்ன விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஒரே மூச்சில் கொட்டும். அந்த ஒரு விநாடிக்கு அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர், சில கேமராக்களில் அதற்கு மேலும் இழுக்கும். பன்னிரண்டு வீட்டுக் குழாயும் திறந்த மாதிரி.

மலிவு பேட்டரியால் அந்த வேகத்துக்குக் கொடுக்க முடியாது. மின்னழுத்தம் சடாரென்று விழும். விளக்கு மங்கும், படம் கறுக்கும். இன்னும் விழுந்தால் கேமரா தானாக அணைந்துவிடும். சின்ன எல்.இ.டி. டார்ச்லைட் கேட்பது கொஞ்சம்தான்; அது எரிந்துவிடும். ஆக, டார்ச்லைட்டில் எரிவது கேமராவுக்கு அத்தாட்சி ஆகாது.

நமக்குப் பகல் படம் வேண்டியதில்லை. பகலில் நாமே பார்த்துக்கொள்கிறோம். ஆகவே கடையில் நின்று கேட்க வேண்டிய கேள்வி, 'இது இரவில் இழுப்பைத் தாங்குமா' என்பதுதான்.

கடையில் கிடைப்பவை

முதலாவது, மச்சான் வாங்கிய அந்த மலிவு வகை. கார்பன்-துத்தநாக பேட்டரி. 'ஹெவி டூட்டி' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். கனமான வேலைக்குக் கொஞ்சமும் லாயக்கில்லாதது அதுதான். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுங்கள், டி.வி. ரிமோட்டுக்குப் போடுங்கள். கேமராவுக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது அல்கலைன். எல்லாக் கடையிலும் கிடைக்கும், கேமரா பெட்டியிலும் பெரும்பாலும் இதைத்தான் போடச் சொல்லியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட். ஆனால் உபயோகிக்க உபயோகிக்க மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டே வரும். மெல்லிய இழுப்பில் இரண்டாயிரத்து ஐந்நூறு மில்லி ஆம்பியர் மணி, அதற்கு மேலும் கொடுக்கிற அதே பேட்டரி, அரை ஆம்பியர் வேகத்தில் இழுத்தால் ஏறத்தாழ பாதிதான் கொடுக்கும். முதல் சில வாரம் இரவுப் படம் நன்றாக வரும், பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். அவசரத்துக்குப் போடலாம், தப்பில்லை. மாதாமாதம் எட்டு மாற்றினால் வருஷத்துக்கு 96 பேட்டரி என்பதை மட்டும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு தொல்லை, ஒழுகல். தீர்ந்துபோன அல்கலைனைக் கழற்றாமல் விட்டால் வெள்ளையாகப் பூத்து, உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை அரித்துவிடும். நம் ஊர் ஈரத்தில் சொல்லவே வேண்டாம். அப்படிப் பூத்திருந்தால் பஞ்சில் கொஞ்சம் காடி தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். அந்த வெள்ளைத் தூள் காரம். கண்ணில் பட்டால் கெடுதல், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

மூன்றாவது, திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ணும் நிக்கல் பேட்டரி. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு என்று எழுதியிருக்கும். நான் மச்சானுக்குச் சொன்னது இதைத்தான். மின்னழுத்தம் 1.2 வோல்ட்தான், அதனால் இது பலவீனம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. இதன் குழாய் பெரிது. ஒரு ஆம்பியர் இழுத்தாலும் அசையாமல் கொடுக்கும். தீரும் மட்டும் அந்த 1.2-ஐ ஏறத்தாழ அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். அல்கலைன் 1.5-இல் ஆரம்பித்து, பாதித் தூரத்தில் அதே 1.2-க்கு இறங்கி, அதற்கும் கீழே போய்க்கொண்டிருக்கும். அப்புறம் யார் பலவீனம்?

ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். பழைய மாதிரி நிக்கல் பேட்டரி சும்மா வைத்திருந்தாலே நாளுக்கு நாள் வடிந்துவிடும். சூட்டில் இன்னும் வேகம். காட்டில் ஒரு மாதம் கட்டி வைத்தால் கணிசமான பங்கு தானாகப் போய்விடும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில், வடிவது மிகக் குறைவான வகையைக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் செய்ய ஆரம்பித்தார்கள். முழுக்க சார்ஜ் செய்து ஒரு வருஷம் அலமாரியில் வைத்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். கேமராவுக்கு இந்த வகைதான் வேண்டும். 'சார்ஜ் செய்து தயார் நிலையில்' என்ற பொருளில் உறைமேல் போட்டிருப்பார்கள். டபுள் ஏ அளவில் 2000 மில்லி ஆம்பியர் மணி என்று நேர்மையாக எழுதியிருந்தால் வாங்குங்கள். அதே அளவு நிக்கல் பேட்டரியில் 3000-க்கு மேல் எழுதியிருந்தால் அது பச்சைப் பொய்.

சார்ஜரும் முக்கியம். இரண்டிரண்டாகச் சேர்த்து சார்ஜ் பண்ணும் மலிவுப் பெட்டியில் ஒன்று நிரம்பும், ஒன்று நிரம்பாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனித்து நிறுத்துகிற சார்ஜராகக் கேட்டு வாங்குங்கள். அல்கலைனையோ லித்தியத்தையோ அதில் சொருகாதீர்கள். வெடிக்கும்.

நான்காவது, லித்தியம் டபுள் ஏ. சார்ஜ் செய்ய முடியாதது, ஒருமுறைதான். விலை அல்கலைனைப்போல் சில மடங்கு. ஆனால் குணம் அப்படி! எடை 15 கிராம், அல்கலைன் 23 கிராம். கனத்த இழுப்பிலும் 3000 மில்லி ஆம்பியர் மணி கொடுக்கும். ஒழுகுவது மிக அரிது. ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் கெடாது.

எதை எங்கே போடுவது? வீட்டுக்கும் கொட்டகைக்கும் பக்கத்தில், நாலு எட்டு வைத்தால் போய் மாற்றிவிடக்கூடிய கேமராவுக்கு நிக்கல் பேட்டரி, இரண்டு செட். காட்டோரத்தில் இருக்கிற கேமராவுக்கு லித்தியம். தூரம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. எந்த இடத்தில் மிருகம் நடமாடுகிறது என்று சந்தேகப்பட்டுக் கேமரா கட்டுகிறோமோ, அதே இடத்துக்குத்தான் பேட்டரி மாற்ற ஒருவர் போய் நிற்க வேண்டியிருக்கிறது. மாதத்துக்கு இரண்டு முறை போவதைவிட சில மாதத்துக்கு ஒரு முறை போவது நல்லதில்லையா? 2023-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கிளந்தான் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கி மனிதர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பேட்டரியில் மிச்சம் பிடித்து உயிரில் செலவழிக்கக் கூடாது. போவதானாலும் பகலில், இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

கலப்புக் கூடாது

எட்டு பேட்டரியும் ஒரே வகை, ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஆறு புதுசு, இரண்டு பழசு என்று போட்டால் என்ன ஆகும்? பேட்டரிகள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பழசு இரண்டும் முதலில் தீரும். புதுசு ஆறும் அதற்குள்ளே வலுக்கட்டாயமாக மின்சாரத்தைத் தள்ளும். தீர்ந்தது தலைகீழாக மாறி ஒழுகும். நொண்டி மாட்டை நடுவில் பூட்டிய வண்டி அது.

இன்னொரு ஆபத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இணையக் கடைகளில் டபுள் ஏ அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம்-அயன் பேட்டரி விற்கிறார்கள். 14500 என்று எண் போட்டிருக்கும். உருவம் அச்சு அசல் ஒன்றுதான். 12 வோல்ட் கேமராவில் எட்டு போட்டால் 29.6 வோல்ட் ஏறும். கேமரா புகைந்துவிடும். வாங்குமுன் வோல்ட் எண்ணைப் படியுங்கள். அதே லித்தியம்-அயனில், உள்ளேயே சின்ன மின்சுற்று வைத்து 1.5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பதும் வருகிறது. அது சில கேமராக்களில் ஒழுங்காக ஓடுகிறது, சிலவற்றில் இரவு விளக்கு எரியும் நேரத்தில் பட்டென்று வெட்டிக்கொள்கிறது. வீட்டில் சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் பேட்டரி ஆசை

இது நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வருகிற ஆசை. "எட்டு சின்ன பேட்டரி எதுக்கு மாமா? என் மோட்டார்ல இருக்கிற 12 வோல்ட்ட கழட்டி வயர் இழுத்துட்டா போதாதா?" அக்கா மகன் கேட்டான். மூளை வேலை செய்கிற பையன்தான்.

பல கேமராக்களில் வெளி பேட்டரிக்கு அடியில் ஒரு துளை உண்டு. ஆனால் சிலவற்றுக்கு 12 வோல்ட், சிலவற்றுக்கு 6 வோல்ட். 6 கேட்கிற துளையில் 12-ஐக் கொடுத்தால் கதை முடிந்தது. துளைக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும், பாருங்கள். அடுத்தது, மோட்டார் சைக்கிள் பேட்டரி எஞ்சினைக் கிளப்ப ஒரு நொடி பலமாகக் கொடுப்பதற்காகச் செய்தது. கொஞ்சம் கொஞ்சமாக அடிவரை காலி செய்தால் அதற்கு ஆயுசு குறையும். இரண்டு மூன்று முறை அப்படிக் காலி செய்தால் மோட்டாரும் கிளம்பாது, கேமராவும் ஓடாது.

பெரிய பேட்டரிதான் வேண்டும் என்றால், திருடர் அலாரப் பெட்டிக்குள் வைக்கிற மூடிய வகை இருக்கிறது. 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி. இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். நடுவில் ஒரு பியூஸ் போடுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வயரை மரத்தோடு ஒட்டி, தரையில் படாமல் கொண்டுபோங்கள். எலியும் பன்றியும் கடிக்கும். டப்பாவுக்குள் எறும்பு குடியேறும். மச்சானின் கேமராவுக்குள்ளேயே குடியேறியிருந்தது.

சூரிய ஒளித் தகடு வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வளர்ந்த செம்பனைக்குக் கீழே மத்தியானமே அந்தி மாதிரி இருக்கிறது. வெட்டவெளியான சாலை ஓரத்தில் என்றால் சரி. அங்கே பளபளவென்று தகடு மாட்டினால், மிருகத்துக்கு முன்னால் திருடன் பார்த்துவிடுவான்.

மீட்டர் சொல்லும் பொய்

மச்சான் நிக்கல் பேட்டரி எட்டு வாங்கி, இரவெல்லாம் சார்ஜ் செய்து போட்டார். கேமராவின் சின்னத் திரையில் பேட்டரிப் படம் பாதிதான் காட்டியது. உடனே மண்டோர் போன் போட்டுவிட்டார். "புது பேட்டரிங்கிறீங்க, பாதி காலினு காட்டுதே? ஏமாத்திப்புட்டான்யா கடைக்காரன்!"

யாரும் ஏமாற்றவில்லை. அந்த மீட்டர் வோல்ட்டை மட்டும்தான் அளக்கிறது. அதற்குத் தெரிந்தது அல்கலைன் கணக்கு. எட்டு அல்கலைன் 12 வோல்ட். எட்டு நிக்கல் 9.6 வோல்ட். அது பாதி தீர்ந்த அல்கலைன் என்று எண்ணிக்கொள்கிறது. பாதி என்று காட்டிக்கொண்டே வாரக்கணக்கில் ஓடும். லித்தியத்தில் இதற்கு நேர்மாறு. கடைசி நாள் வரை முழுசு என்று காட்டிவிட்டுத் திடீரென்று படுத்துவிடும். ஆகவே மீட்டரைப் பார்த்து மாற்றாதீர்கள், தேதியைப் பார்த்து மாற்றுங்கள். போட்ட தேதியை ஒரு ஒட்டுத்தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் போதும். சில கேமராக்கள் 1.2 வோல்ட்டை ஏற்கவே ஏற்காது. கேமரா வாங்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் நிக்கல் என்று மாற்றி வையுங்கள்.

மீட்டரை நம்பக்கூடாது என்றால் எதை நம்புவது? இரவுச் சோதனையை. கட்டுவதற்கு முன் கேமராவை வீட்டு இருட்டறையில் வைத்து, முன்னால் பத்துப் பதினைந்து முறை நடந்து பாருங்கள். பகலில் என்றால், கேமரா முகத்தில் வெளிச்சத்தை அளக்கிற சின்னக் கண் ஒன்று இருக்கும். அதைக் கறுப்பு ஒட்டுத்தாளால் மறைத்தால் இரவு என்று நினைத்துக்கொண்டு விளக்கைப் போடும். முதல் படமும் பதினைந்தாவது படமும் ஒரே தெளிவாக இருந்தால் பேட்டரி தேறிவிட்டது.

பேட்டரி சீக்கிரம் தீருவதற்கு நாமே செய்கிற காரணமும் உண்டு. வீடியோவில் வைக்காதீர்கள், இரவில் அத்தனை விநாடியும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒரு அசைவுக்கு இரண்டு படம் போதும். கேமராவுக்கு முன்னால் உள்ள புல்லையும் பனையோலையையும் வெட்டிவிடுங்கள். வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடினால் அதையும் மிருகம் என்று நினைத்துப் படம் பிடிக்கும். மச்சான் எடுத்த அறுநூறில் நானூறுக்கு மேல் இலைதான்.

அக்கா பார்த்தது

2023 பிப்ரவரியில் படம் விழுந்தது. அதிகாலை 4.17. கேமராவுக்கு நேர் முன்னால், பக்கவாட்டில் நடந்து போகிறது. நீண்ட வால். சிறுத்தை.

பெரியவர் இல்லை என்றதும் ஆண்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அங்கேயும் ஒரு தகராறு வந்தது. படத்தில் உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. "கறுப்புன்னு சொன்னியே, இது புள்ளிச் சிறுத்தைல்ல?" என்று அக்காவைக் கேட்டார்கள். அக்கா படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாராம்.

அக்கா சொன்னது சரிதான். தீபகற்ப மலேசியாவில் உள்ள சிறுத்தைகள் ஏறத்தாழ எல்லாமே கறுப்பு. பகலில் பார்த்தால் கரி பூசிய மாதிரி. ஆனால் அந்தக் கறுப்புத் தோலிலும் புள்ளி மறைந்திருக்கிறது; அகச்சிவப்பு ஒளியில் அது வெளியே தெரியும். திரங்கானுவில் கேமரா கட்டிய ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கேமராவின் வெளிச்சக் கண்ணை மறைத்து, பகலிலும் இரவு விளக்கையே எரியவைத்து, புள்ளிகளை வைத்து ஒவ்வொரு சிறுத்தையையும் அடையாளம் கண்டு எண்ணினார்கள். 100 சதுர கிலோமீட்டருக்கு மூன்று சொச்சம் என்று 2015-இல் எழுதினார்கள். நான் சொன்ன ஒட்டுத்தாள் வேலை அவர்கள் செய்ததுதான். பகலிலும் விளக்கை எரித்தால் பேட்டரி எவ்வளவு தின்னும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த விஷயத்தை நான் போனில் சொல்ல, மச்சான் அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

படத்தைத் தேதியோடு, நேரத்தோடு ஆபீசில் கொடுத்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானுக்குத் தகவல் போனது, ஆட்கள் வந்தார்கள். ஆடுகளை இரவில் நாலு பக்கமும் அடைத்த கொட்டகையில் போடச் சொன்னார்கள். 12-ஆம் நம்பர் காட்டுக்கு இருட்டில் ஆள் அனுப்புவது நின்றது. இதிலும் ஒரு சங்கடம் உண்டு, உங்களுக்கே தெரியும்: வெயில் ஏறிய பிறகு வெட்டினால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. சாலைப் பக்கத்து நிரைகளை முதலில் வெட்டிவிட்டு, விடிந்த பிறகு காட்டோரத்துக்குப் போவது என்று ஏற்பாடானது.

படம் கிடைத்தால் பிள்ளைகள் உடனே வாட்சப்பில் போட்டுவிடுகிறார்கள். இடத்தைச் சொல்லிப் போட்டால் அடுத்த வாரமே கண்ணி வைக்கிறவன் வந்துவிடுவான். சிறுத்தையும் புலியும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முழுப் பாதுகாப்பு பெற்றவை. கண்ணி வைத்தால் சிறை. அந்தக் கண்ணியில் நம் ஆட்டின் காலும் மாட்டும், பால் வெட்டப் போகிற ஆளின் காலும் மாட்டும். அந்தப் படத்தை ஆபீசுக்கும் இலாகாவுக்கும் கொடுங்கள், போதும்.

இப்போது அங்கே இரண்டு கேமரா இருக்கிறது. கொட்டகைப் பக்கம் நிக்கல் பேட்டரி, காட்டோரம் லித்தியம். நிக்கல் செட் இரண்டுக்கும் அக்கா மகள் நகப்பூச்சால் அடையாளம் வைத்திருக்கிறாள்; ஒன்றுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை. ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜில். தீர்ந்துபோன லித்தியத்தை ஒரு பால்டின்னில் போட்டுவைத்து, பட்டணத்துக்கு வரும்போது பழைய மின்பொருள் வாங்கும் இடத்தில் கொடுக்கிறார்கள். குப்பையோடு சேர்த்து எரிப்பதில்லை. பாசார் மாலாமில் வாங்கி மிஞ்சிய அந்த மலிவு பேட்டரி எட்டும் வீணாகவில்லை. நாலு வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.